கிரிஜா இங்கே இல்லை

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்களுக்கு,

கும்மிடிப்பூண்டியில் லாரி எடைமேடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஜெபவீட்டின் செயலாளரும், தங்கள் மாத இதழை அட்டை முதல் அட்டை வரை வாசிக்கிறவனுமாகிய சின்னதுரை ஆசீர்வாதம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சுகிர்தாவும் முழங்கால் நீங்கலாகச் சுகம். தாங்களும் தங்கள் அச்சகமும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

வேத விசுவாசம் நாளுக்கு நாள் குறைந்துவருகிறது, ஆகையால் வாசகர் ஒவ்வொருவரும் இந்த ஆண்டு முடிவதற்குள் ஒருவரையாவது சீஷராக்க வேண்டும் என்று தாங்கள் தலையங்கம் எழுதினீர்கள். அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தவன் நான். எங்கள் ஜெபவீட்டின் நிலைமை தங்களுக்குத் தெரிய வேண்டும். நான், என் மனைவி, காது மந்தமான ஒரு பழைய கம்பவுண்டர், என் பிரசங்கத்தின் நடுவில் டியூட்டிக்கு எழுந்து போகிற ஒரு நர்ஸம்மா, இவ்வளவுதான் சபை. வாலிபர்கள் எல்லாம் போனிலேயே ஆராதனை பார்க்கிறார்கள். படுத்துக்கொண்டே இராப்போஜன அப்பம் எடுக்கலாமா என்று ஒருவன் என்னிடமே கேட்டான். திருவள்ளூரிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற போதகர் ஐயர், ஈஸ்டருக்குள் ஒரு புதுமுகமாவது வராவிட்டால் ஜெபவீட்டை மூடிப் பக்கத்து ஊர்ச் சபையோடு சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்தார். எனக்குக் காபி இறங்கவில்லை. அந்தக் கூரைக்குத் தகரம் சுமந்தவன் நான். என் பிள்ளை அன்புசெல்வனுக்கு ஞானஸ்நானம் நடந்ததும் அதன் கீழேதான். அவன் இப்போது ஒரு கம்பெனியில் வடக்கத்தி ஆட்களுக்குச் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை பைக்கில் கொண்டுவந்து வாசலில் விடுவான், உள்ளே வரமாட்டான். நம்பிக்கை இல்லையாம்.

சரி, தலையங்கத்துக்குக் கீழ்ப்படிவோம் என்று ஒரு போர்டு எழுதப் பெயிண்டர் அரசப்பனைக் கூப்பிட்டேன். சிலுவை போட்டு ‘சீஷர்கள் தேவை’ என்று எழுதச் சொன்னேன். சிலுவையைக் குறையில்லாமல் போட்டார். ஆனால் இந்த வட்டாரத்துக் கம்பெனி கேட்டுகளில் எல்லாம் ‘ஆட்கள் தேவை’ எழுதிப் பழகிய கை அல்லவா? ‘சீசர்கள் தேவை’ என்று எழுதி, கீழே வழக்கப்படி ‘உணவு, தங்குமிடம் இலவசம்’ என்றும் சேர்த்து, என் போன் நம்பரையும் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து போன் ஓயவில்லை. சீசர் என்றால் அந்த ஆளைத் தூக்குகிற சீசர் லிஃப்டா, எனக்கு ஓட்டத் தெரியும் என்றான் ஒருவன். கார்மென்ட்ஸில் கட்டிங் சீசர் பிடித்த அனுபவம் உண்டு என்றாள் ஒரு அம்மாள். பி.எஃப். பிடிப்பீர்களா, கம்பெனி பஸ் பெரியபாளையம் வருமா என்று கேட்டார்கள். ஆத்தும ரட்சிப்பைப் பற்றி ஒரு ஆத்துமாவும் கேட்கவில்லை. வேலை இல்லை, போனை வை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. அடுப்படியில் இருந்த சுகிர்தா, “அஞ்சு அப்பத்த ஐயாயிரம் பேருக்குக் குடுக்கறதுக்கு மின்ன, வந்த ஜனத்த அனுப்பிடுங்கன்னு இயேசுகிட்ட சொன்னதே சீஷருங்கதான். ஒரு சீஷரு நம்ம ஊட்டுலயே கீறாரு, நீங்க ஏன் வெளியே தேடறீங்க” என்றாள். அவள் வேதம் வாசிப்பது என்னைக் குத்துவதற்காகவே என்று நினைக்கிறேன்.

எழுத்தைத் திருத்துவதற்குள் அடுத்த கூத்து. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு மணி அடித்துவிட்டு வாசலில் நிற்கிறேன். மூன்று வடக்கத்திப் பையன்கள் வருகிறார்கள். இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர். சிலுவையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். “கிர்ஜா? கிர்ஜா?” என்றார்கள். ஐயா, அடுத்த தெருவில் ஜாக்கெட் தைக்கிற பெண்ணின் பெயர் கிரிஜா. கர்த்தருடைய நாளில், ஆலயத்து வாசலில் நின்று, அடுத்தவன் மனைவியைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை ‘நஹி’. அதை வைத்தே கம்பெனியில் சர்வீஸ் முழுவதையும் ஓட்டினவன் நான். “கிரிஜா நஹி” என்று சொல்லி, அடுத்த தெருவைக் கையால் காட்டிக் கதவைச் சாத்தினேன். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அதே சட்டை, அதே எண்ணெய், அதே கேள்வி. அன்று மத்தியானம் கிரிஜாவின் புருஷன் லோகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். “இன்னா அய்யிரே, நாயித்துக்கெழம ஆனா எம் பொஞ்சாதி பேரச் சொல்லிக்கினு மூணு பேரு வந்து நிக்கிறானுங்க. கேட்டா உன்னயக் கை காட்றானுங்க. இதுக்குத்தான் கோயில் கட்டினியா?” என்றான். நான் ஐயர் இல்லை, செயலாளர்தான் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

இதையெல்லாம் அன்புசெல்வனிடம் சொல்லி, பார்த்தாயா, விசுவாசம் போனால் ஒழுக்கமும் போய்விடுகிறது, உன் தலைமுறை எங்கே வந்து நிற்கிறது என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. “ஒருத்தன் இன்னா சொல்ல வர்றான்னு நீ முழுசா கேட்டதே இல்ல நைனா. எனக்கு நம்பிக்கை வரலன்னு நான் சொன்னப்பவும் கேக்கல, ஜெபம் பண்ணுன்னு சொல்லி எழுந்து போயிட்ட” என்றான். எனக்கு வருத்தமாகிவிட்டது. சாப்பிடாமல் படுத்தேன். பெற்ற பிள்ளையையே சீஷனாக்க முடியாதவன் ஊரில் யாரை ஆக்கப்போகிறேன்?

ஆகையால், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலயத்தைத் தேடுவார் ஒருவரும் இல்லை என்பதைத் தங்கள் இதழில் என் பெயரோடு பிரசுரிக்க வேண்டுகிறேன். ஜெபவீட்டை மூடச் சம்மதம் என்று ஐயருக்கும் எழுதப்போகிறேன். சாவியைக் கொடுத்துவிடுவேன். மணியை யாராவது கேட்டால் கொடுக்கலாம், நல்ல சத்தம்.

தங்கள் எழுதுகோலையும் இல்லத்தாரையும் கர்த்தர் தம்முடைய சிறகுகளின் கீழ் காப்பாராக. சுகிர்தா தங்கள் அம்மாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தோற்றுப்போன ஊழியக்காரன்,
ஆ. சின்னதுரை

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் சனிக்கிழமை எழுதி உறை ஒட்டினேன். தபாலாபீஸ் திங்கட்கிழமைதான் என்பதால் இப்போது உறையைக் கிழித்து இதைச் சேர்க்கிறேன். தயவுசெய்து எதையும் பிரசுரிக்க வேண்டாம். இன்று ஞாயிறு காலையும் அந்தப் பையன்கள் வந்தார்கள். நான் ‘நஹி’ சொல்ல வாய் திறக்கும்போது, அம்மாவை இறக்கிவிட வந்த அன்புசெல்வன் அவர்கள் கேட்டதைக் காதில் வாங்கிவிட்டான். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். அவர்களிடம் இந்தியில் விசாரித்துவிட்டு என்னிடம் சொன்னான்: “நைனா, கிர்ஜான்னா இந்தியில சர்ச்சு. இவங்க ஜார்க்கண்டுலேர்ந்து வந்த கிறிஸ்தவப் பசங்க. இதான் கோயிலான்னு ஒவ்வொரு வாரமும் வந்து உன்னயக் கேட்டுக்கினு இருந்திருக்காங்க.” பையன்கள் உள்ளே வந்து அவர்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடினார்கள். கம்பவுண்டருக்கே கேட்டது. அன்புசெல்வன் கடைசி பெஞ்சில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் பிரசங்கத்தை இந்தியில் சொன்னான். நம்பிக்கையைப் பற்றிக் கேட்காதே, மொழிபெயர்ப்பு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். நானும் கேட்கவில்லை. மூன்று இந்தி வேதாகமம் அனுப்பிவைக்கவும். இல்லை, நான்காக அனுப்பவும், வார்த்தைகளைச் சரிபார்க்க அவனுக்கும் ஒன்று வேண்டுமாம். லோகுவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், அது வேறு இருக்கிறது. ஒன்றுதான் ஐயா மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மணி அடித்துவிட்டு, ஆலயத்து வாசலை மறித்துக்கொண்டு நின்று, தேடி வந்தவர்களிடம் ஆலயம் இங்கே இல்லை என்று வாராவாரம் நானே சொல்லியிருக்கிறேன்.