நாங்கள் ஓடினோம், கர்ணனுக்கு மாலை வந்தது

கம்பம்,
12.7.2004

சென்னையில் கம்ப்யூட்டர் ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் என் மருமகள் நிலோபருக்கு, பக்கத்து வீட்டு ராமுத்தாய் அத்தை எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் சர்க்கரையும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கு நீங்களும், சர்க்கரை நீங்கலாக, அப்படியே இருக்க கௌமாரியம்மனையும் உங்கள் அல்லாவையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

போனில் சொல்லலாம்தான். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது பார். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. கோணலாகத் தெரிந்தால் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிப்போகிறாயாம், வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுப்பாயாம். நான் வாங்க மாட்டேன். உன் அத்தா மவுத்தாகி, உங்கள் வழக்கப்படி புருசன் போனால் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தாவும் முடிந்து, அதற்குப் பிறகும் உன் அம்மா வாசல்படி தாண்டாமல் கிடந்தது நிஜம். சோறு கொண்டுபோனால் "வச்சிட்டுப் போ ராமு" என்பாள். மறுநாளும் தொடாமல் இருக்கும். நீ பயந்ததில் தப்பில்லை, நானே பயந்தேன். மீதியைக் கேள்.

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நம் தெருவில் நடக்க முடியுமா? வாசலுக்கு வாசல் "எங்கன போற, என்ன கொழம்பு?" என்று நிறுத்தி, நாலு வீட்டுக் காப்பி குடித்துச் சர்க்கரை ஏறித்தான் திரும்பினேன். ஓடுகிறவளை எவளும் நிறுத்த மாட்டாளே என்று நானும் கோடிவீட்டு ராஜாத்தியும் ஓட ஆரம்பித்தோம். ராஜாத்தி ஓடிக்கொண்டே புருசனைத் திட்டுவாள். மூச்சு வாங்குவதால் பாதித் திட்டுதான் வெளியே வரும், ஆனால் வீடு திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும். அதைப் பார்த்து இன்னும் ஐந்து பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு சேர்ந்தார்கள். உன் அம்மாவைத் தினமும் ஜன்னலில் கூப்பிடுவேன். "போடி பைத்தியக்காரி" என்று சாத்துவாள்.

போன வாரம் ஒருநாள் விடியலில் ஓடும்போது, வாய்க்கால் திருப்பத்தில் கர்ணன் அண்ணன் வீட்டு முன்னால் மூச்சு முட்டி எல்லோரும் நின்றுவிட்டோம். ராஜாத்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். எனக்கு விலாவில் பிடித்து, "ஐயோ ஆத்தா" என்று நெஞ்சைப் பிடித்தேன். விடியக்காலம் ஏழு பெண்கள் தலை கலைந்து ஒரு வீட்டுக்கு ஓடி, வாசலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தால் நம்மூரில் அதற்கு என்ன அர்த்தம், நீயே சொல். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள், ஒப்பாரியை எடுத்தாள். பால்காரர் சைக்கிளில் தெருத்தெருவாக, "கர்ணன் தவறிட்டாகளாம்!" என்று சொல்லிப் போனார். ஒருவர் மாலையோடு வந்தேவிட்டார். இல்லை என்று சொல்ல நாங்கள் வாயைத் திறந்தால் மூச்சுதான் வருகிறது. அதையும் விம்மல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்போது தெருமுனையில் யார்? உன் அம்மா! உன் அத்தா போனபோது கூடவே நின்ற மனுசன் சாவுக்குப் போகாமல் இருக்கலாமா என்று, ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் உன் அத்தா செருப்புமாக ஓடி வருகிறாள். அவள் வந்து நிற்கவும், கர்ணன் அண்ணன் வாயில் பல்பொடி நுரையோடு வெளியே வரவும் சரியாக இருந்தது.

"என்னத்தா கூட்டம்? யாரு தவறிட்டாக?"

"நீங்கதேண்ணே!" என்றாள் உன் அம்மா.

சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. அது அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, எங்களோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வந்த மாலையைத் திருப்பி அனுப்பப்படாது" என்று கர்ணன் அண்ணன் தானே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவளும் வருகிறாள். புர்காவோடுதான், எங்களுக்கு முன்னால். வாய்க்கால் கரையில் பாதித் தூரம் அழுதுகொண்டே ஓடுவாள். வீட்டுக்குள் அழுதால் தேற்றுகிறேன் என்று நாலு பேர் வந்து அழவிடாமல் செய்கிறார்கள். ஓட்டத்தில் தேற்ற எங்களுக்கு மூச்சு ஏது? அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "ஏண்டி ஆமைகளா, வெரசா வாங்கடி" என்கிறாள். நேற்று என் குழம்பில் உப்பு பத்தவில்லை என்று திட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகையால் நீ வராதே. உன் மாடி வீட்டில் டிவி உண்டு, ஏசி உண்டு. கூட ஓட ஆள் உண்டா? வந்தாலும் விடமாட்டோம். ஏழு பேரும் பஸ்ஸை மறித்து உட்காருவோம்.

பிள்ளைகளுக்கு முத்தம், மாப்பிள்ளைக்குக் கும்பிடு, உனக்குத் தலையில் ஒரு குட்டு.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத
ராமுத்தாய் அத்தை

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "கடக்கரை மணல்ல ஓடுனா இன்னும் நல்லதாம்லடி, நான் மெட்ராசுக்குப் போறேன்" என்கிறாள். சொன்னால் கேட்கிற ஆளா? வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறாள். தனியாக அனுப்ப மனமில்லாமல் நாங்கள் ஏழு பேரும் கூட வருகிறோம். பெரிய சட்டியாக எடுத்து வை. மாப்பிள்ளையை மொட்டை மாடியில் படுக்கச் சொல்.