இட்லிக் கொப்பரைக்கு மாறிய கோட்டு

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கதாநாயகி அழும்போது வீட்டில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் கதாநாயகனின் கோட்டுக் காலர் எத்தனை அங்குல அகலம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இது ஒரு வியாதி என்பதை ரொம்பப் பிந்தித்தான் எனக்குப் புரியவைத்தார்கள். வியாதி முற்றிப்போயிருந்த இருபத்தெட்டாவது வயதில், அதையும் கூட்டிக்கொண்டு நான் பெண் பார்க்கப் போனேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆரியசாலையில் ஒரு பம்ப்செட் வியாபாரியிடம் எனக்கு வேலை. அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். ஞாயிற்றுக்கிழமை டிவியில் பழைய படம் போட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன். இரண்டு வரிசைப் பொத்தான், தோள்வரை விரிந்து மடியும் நெஞ்சுப் பட்டை, தொப்புளுக்கு மேல் ஏறி நிற்கும் மடிப்பு வைத்த பேண்ட். அந்த வெட்டும் தையலும் எனக்கு வேண்டும். புதிதாகத் தைத்தது வேண்டாம். அந்தக் காலத்திலேயே தைத்தது வேண்டும். (ஈரத்துண்டு மூன்று நாளானாலும் காயாத திருவனந்தபுரத்தில் கம்பளிக் கோட்டு சேர்க்க எவ்வளவு புத்தி வேண்டும் என்று நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.)

எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது ஒரு பெரிய உண்மை புலப்பட்டது. நம் ஆட்களுக்கு ஆயுளில் ஒரே ஒரு சாயங்காலம்தான் கோட்டு. மாப்பிள்ளை அழைப்பு. அன்றைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, காரில் உட்காரவைத்து, நாகஸ்வரத்தோடு ஊர்வலம் விடுவார்கள். மறுநாள் காலையில் பட்டு வேட்டி. அதோடு கோட்டு பூச்சி உருண்டைகளோடு பெட்டிக்குள் போய்விடும், பிறகு வெளிச்சமே பார்க்காது. அறுபதுகளில் கல்யாணம் ஆனவர்கள் அன்றைய சினிமா நாயகனின் படத்தைத் தையல்காரரிடம் நீட்டி, "இதே மாதிரி" என்று தைத்தவர்கள். அப்படியானால் கிழக்கேகோட்டையைச் சுற்றி வீட்டுக்கு ஒரு கதாநாயகன் மடித்து வைக்கப்பட்டிருக்கிறான்!

ஆனால் கதவைத் தட்டி, "உங்கள் கல்யாணக் கோட்டைத் தருகிறீர்களா?" என்று எப்படிக் கேட்பது? இரண்டு வீட்டில் கேட்டும் பார்த்தேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மற்ற வீட்டில் கதவைத் திறந்து நாயை விட்டார்கள்.

அப்போதுதான் பாத்திரக்கார அண்ணாச்சி நினைவுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர். சைக்கிளின் பின்னால் பெரிய கூடை. வீட்டு ஆண்கள் ஆபீசுக்குப் போன பிறகுதான் தெருவுக்குள் நுழைவார், தொழில் ரகசியம்.

"கோட்டா?" என்றார் அண்ணாச்சி. "சேலைக்குத் தருவேன், பேண்டுக்குத் தருவேன். கோட்டை வாங்கி நான் என்னத்தச் செய்ய? தம்பி வக்கீலுக்குப் படிக்கியளோ?"

"எனக்கு வேணும் அண்ணாச்சி. கேட்டுத்தான் பாருங்களேன்."

"செரி, கேட்டிருவோம். பொம்பளையாளுகளுக்குப் பெட்டியில இடம் அடைக்கிற சாமானக் கண்டாலே ஆகாதுலா."

அவர் சொன்னது எவ்வளவு உண்மை! ஒரே வருஷத்தில் என்னிடம் பதினோரு கோட்டுகள் சேர்ந்துவிட்டன. மழைக்காலத்தில் எல்லாவற்றிலும் பூசணம். வெயில் தலைகாட்டிய ஒரு நாள் பதினொன்றையும் மாடிக் கொடியில் வரிசையாக மாட்டினேன். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா, "அய்யோ, டெரஸில் ஆளுகள்!" என்று தெருவையே கூட்டிவிட்டார்.

கோட்டை மாட்டிக்கொள்வதைவிட அதைத் துழாவுவதில்தான் எனக்கு ருசி. முதலில் பைகள். ஒன்றில் கிராம்பு இருக்கும், ஒன்றில் காய்ந்த பூச்சரத்தின் நார். பிறகு தையல். ஆள் ஒல்லியா, எந்தக் கை ஓங்கியது, எப்படி நடப்பார் என்று ஒவ்வொன்றாக ஊகிப்பேன். பம்ப்செட் ரசீதைப் படிப்பதைவிட ஒரு மனிதரின் முழங்கைச் சுருக்கத்தைப் படிப்பது சுவாரசியமாக இருந்தது.

பன்னிரண்டாவது கோட்டு வந்ததும் நான் ஆடிப்போய்விட்டேன். சாம்பல் நிறம், மெல்லிய வெள்ளைக் கோடு, அரக்கு நிற உள்துணி. சினிமாவிலிருந்து இறங்கி வந்ததேதான். "லேசுல தரலை தம்பி," என்றார் அண்ணாச்சி. "பெரிய இட்லிக் கொப்பரை ஒண்ணு குடுத்துல்லா வாங்கியிருக்கேன். நாலு தடவ நடந்தேன்." யார் வீடு என்று கேட்டேன். அதை மட்டும் அவர் எப்போதும் சொல்ல மாட்டார்.

இந்த நேரத்தில்தான் கோமதியின் ஜாதகம் வந்தது. நல்ல குடும்பம், பெண் பள்ளிக்கூட டீச்சர். அப்பா பூதலிங்கம், சர்வே ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். அதற்கு முன்னால் எனக்கு வந்த நான்கு இடங்களும் தட்டிப்போயிருந்தன. பம்ப்செட் கடைக்காரன் என்றால் யோசிக்கிறார்கள். அம்மா கவலையில் பாதியாக இளைத்திருந்தாள். இந்த இடம் அமையவேண்டும் என்று எனக்கும் உள்ளூர ரொம்ப ஆசை. போட்டோவில் அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தாள். அடக்கிய சிரிப்பு எதற்காக என்று தெரிந்துகொள்ளவேண்டும் போலிருந்தது.

அதனால்தான் கோட்டு. சாதாரணமாகப் போனால் பம்ப்செட் கடைக்காரன். இதைப் போட்டுக்கொண்டு போனால்?

"பெண்ணு பாக்கப் போறியா, மேஜிக் காட்டப் போறியா?" என்றாள் அம்மா. "சித்திரை மாச வெக்கையில ஆருடே கோட்டு போடுவா? வேட்டிய உடுத்துட்டு வா மக்கா."

கேட்டேனா? கேட்டிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இல்லை.

கதவைத் திறந்தது பெண்ணின் அம்மா. "வாருங்க, வா..." என்று ஆரம்பித்தவர் என் மார்பைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. அடடா, கோட்டு வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"தம்பிக்கு வேர்க்குமே. கோட்டைக் கழத்தித் தாங்க, உள்ள கொண்டு வைக்கேன்."

"பரவால்ல அத்தை."

"இல்ல, கசங்கிரும்லா. தாங்க."

"இது கசங்காத துணி அத்தை."

நாற்காலியை இருட்டு மூலைக்குத் தள்ளிப் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். மறுபடியும் கோட்டைக் கேட்டார். இவ்வளவு உபசாரம் செய்கிற மாமியார் யாருக்குக் கிடைப்பார் என்று நான் உருகிப்போனேன்.

பூதலிங்கம் மாமா எதிரே வந்து உட்கார்ந்தார். வேலை, ஊர், உறவு எல்லாம் விசாரித்தார். கண் மட்டும் என் கோட்டின் மேலேயே இருந்தது.

"கோட்டு நல்லாருக்கு கேட்டியளா. எங்க தச்சது?"

இந்தக் கேள்விக்காகத்தானே பிறந்தேன்! "பழைய கோட்டு மாமா. சேக்குறது எனக்கு ஹாபி. இது அறுபதுகள்ல தச்சது."

"ஓ. யாருக்க கோட்டு?"

"யாருக்கதுன்னு தெரியாது. ஆனா ஆளு எப்பிடிப்பட்டவருன்னு தையலப் பாத்தே சொல்லிருவேன்."

"அப்பிடியா?" மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சொல்லுங்க பாப்பம்."

அம்மா என் காலை மிதித்தாள். நான் காலை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

"முதல் விஷயம், ஆளுக்கு இடது தோள் தாழ்வு. பாருங்க, தையல்காரன் இந்தப் பக்கம் மட்டும் கூட ரெண்டு மடிப்புப் பஞ்சு வச்சிருக்கான். மனுசன் அச்சாணி கழண்ட வண்டி மாதிரி சாஞ்சுதான் நடந்திருப்பாரு. அடுத்தது, நெஞ்சுன்னு ஒண்ணு கெடையாது. அங்கயும் பஞ்சு. ஆனா காலர் மட்டும் பெரிசு. வெறும் பவுசு! ரகசியமா சிகரெட் குடிக்கிற ஆளு. இந்தா, பைக்குக் கீழ பொசுங்கின ஓட்டைய வீட்டுக்குத் தெரியாம இழை வச்சு அடைச்சிருக்கு."

எனக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் ஒரு மனிதர் இடது தோள் தாழ்ந்து, நெஞ்சு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் கவனிக்கவில்லை. எனக்குக் கோட்டுதான் தெரிந்தது.

"வேற?" என்றார் மாமா. குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"இதுதான் மாமா விசேஷம்." உள்பக்கச் சின்னப் பையிலிருந்து என் பொக்கிஷத்தை எடுத்து நேந்திரங்காய் வறுவல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றோடொன்று ஒட்டிப்போன இரண்டு பாதி சினிமா டிக்கெட்டுகள். "மேட்னி ஷோ. ஆபீஸ் நேரம். ரெண்டு டிக்கெட். யாரையோ கூட்டிட்டுப் போயிருக்காரு!"

மாமா எழுந்து நின்றார். "இது எனக்க கல்யாணக் கோட்டு," என்று அத்தை பக்கம் திரும்பினார். "பகவதி, பெட்டியில இருந்த கோட்டு எப்பிடி இவருக்க உடம்புல வந்து?"

அண்ணாச்சி நான்கு தடவை நடந்து ஆசைகாட்டி அந்தக் கோட்டை வெளியே கொண்டுவரக் காரணமே நான்தான். அது போதாது என்று அதன் சொந்தக்காரரிடமே அவர் உடம்பைக் குறை சொல்லியிருக்கிறேன். அம்மா எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அத்தை மாமாவைப் பார்க்கவே இல்லை. டிக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் பயந்து நடுங்கிய அம்மாள் மெல்ல நிமிர்ந்தார்.

"இட்லிக் கொப்பரைக்குக் குடுத்தேன். முப்பது வருசமா ஒருக்கா எடுத்துப் போட்டியளா? அத விடுங்க. இந்த ரெண்டு டிக்கெட்டு யாருக்கு?"

"அது... அது பழைய காரியம்."

"என்னைய ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல நீங்க. சினிமா பாத்தா குடும்பம் கெட்டுரும்னு எங்க அப்பா சொல்லியிருக்காருன்னு சொல்லிச் சொல்லியே முப்பது வருசம் ஓட்டிட்டிய. யாரு அவ?"

மாமா சுவரைப் பார்த்தார். அங்கே மாலை போட்ட ஒரு படம் இருந்தது. முறுக்கு மீசையும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒரு பெரியவர்.

"அவ இல்ல. அவரு," என்றார் மாமா. "உங்க அப்பாதான். கல்யாணமான புதுசு. கோட்டு போட்டுட்டு வாரும், துரைன்னு நெனச்சு நல்ல சீட்டு தருவான்னு அவருதான் சொன்னாரு. சிகரெட்டும் எனக்க இல்ல. அவரு கையாட்டி கையாட்டிப் பேசுனதுல எனக்க கோட்டு பொசுங்கிட்டு. மகளுக்குத் தெரியப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, நான் என்ன செய்ய?"

அத்தை படத்தைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைதோறும் ஊதுவத்தி கொளுத்துறனே இவருக்கு!" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

குற்ற உணர்ச்சி தாங்காமல் நான் கோட்டைக் கழற்றி மாமாவிடம் நீட்டினேன். அப்போதுதான் கோமதி காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். அவள் கண்ட காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தரையில் அம்மா. வயிறு மூடாத கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபடி அப்பா. கையில் குடையோடு என் அம்மா. நடுவில் நான், வேர்வையில் அரக்கு உள்துணி சாயம் விட்டு, வெள்ளைச் சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை ரத்தச் சிவப்பாக.

தட்டை மெதுவாக மேஜையில் வைத்தாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்: "ஆஸ்பத்திரிக்குப் போணுமா?"

பாட்டுப் பாடச் சொல்லவில்லை, படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது டிரைவர், "சாரே, எவிடெயா ஆக்சிடெண்ட்?" என்று கேட்டார். அம்மா என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. நான் கோட்டுப் பீரோவைத் திறக்கவில்லை. போட்டோவில் பார்த்த அந்த அடக்கிய சிரிப்பை இனிமேல் வேறு எவனோ பார்க்கப்போகிறான் என்று நினைத்து வயிறு எரிந்தது.

பத்தாவது நாள் கடைக்கு போன் வந்தது. பூதலிங்கம் மாமா. "பெண்ணுக்குச் சம்மதமாம்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஏன்னு எங்கிட்ட கேக்காதிய, எனக்கும் வெளங்கல," என்றார்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து நான் கோமதியிடம் கேட்டேன். "வாரவுக எல்லாம் என்னைய ஏற இறங்கப் பாத்து எடை போட்டாவ," என்றாள். "அன்னைக்கு உள்ள நின்னு எல்லாம் கேட்டேன். நீங்க ஒருத்தர்தான் கோட்டப் பாத்து ஊரு கதை எல்லாம் சொன்னிய, முன்னால இருந்த ஆளத் தெரியல. இந்த மனுசனோட பயமில்லாம இருக்கலாம்னு தோணிட்டு."

அந்த மகிழ்ச்சி எனக்கு ஒரு வாரம் நீடித்தது. அதற்குப் பிறகு 'முன்னால இருந்த ஆளத் தெரியாதவரு' என்பதே என் பட்டப்பெயராகிவிட்டது. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் யார் எதைக் கவனிக்கத் தவறினாலும் என் பேர்தான் அடிபடுகிறது. போன மாதம் கோமதி மூக்குக் கண்ணாடி போட ஆரம்பித்தாள். அவள் ஆயுளிலேயே முதல் கண்ணாடி. ஐந்து நாள் நான் அவளோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன். ஆறாவது நாள் என் மகள்தான் தாங்க முடியாமல் சொன்னாள்:

"அம்மா, நீ பேசாம ஒரு கோட்டு போட்டுட்டு வந்து உக்காரு. அப்பாக்கு அப்பதான் கண்ணு தெரியும்."