அறுபத்தொன்பதை நேரில் பார்த்தவர்

'நேரில் பார்த்தவர்' என்பது மனிதரில் ஒரு தனி இனம். நாட்டில் எது நடந்தாலும் நடந்த இடத்தில் இவர் நின்றிருப்பார். தூணுக்குப் பின்னால் அல்ல, முன் வரிசையில். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வலங்கைமான் பக்கத்தில் எங்களுக்கு வாய்த்தவர் இராஜாங்கம்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். மூட்டை தூக்கிய முதுகாலேயே ரைஸ் மில் வைத்தவன். நெல்லைக் கையில் அள்ளினாலே பதர் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன், ஆளையும் அப்படித்தான்.

இராஜாங்கம் மற்ற வருஷங்களில் சாப்பிட்டார், தூங்கினார். 1969இல் மட்டும் சரித்திரத்தோடு குடித்தனம் நடத்தினார். பொங்கலன்று மெட்ராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்தபோது கோட்டை வாசலில் முதல் கைதட்டு அவருடையது. அடுத்த மாதம் முதலமைச்சர் இறந்தபோது ரயில் கூரையில் தொற்றிக்கொண்டு போய், அந்த ஜனக்கடலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தார். ஜூலையில் பாங்குகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, ஒரு பாங்கு மேனேஜர் இவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாராம். அதே சமயம் நிலாவில் மனிதன் இறங்கியதைக் குடமுருட்டிப் பாலத்தில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தார். வருஷக் கடைசியில் டெல்லியில் காங்கிரஸ் இரண்டாக உடைந்த சத்தம்கூட அவர் காதில் விழுந்தது.

"நிலாவுல தூசு பறந்திச்சு அண்ணே, பார்த்தேன்" என்பார்.

"அன்னிக்கு மழை மூட்டமால்ல இருந்திச்சு?"

"உங்களுக்கு மூட்டம். எனக்கு வெலகிக் குடுத்திச்சு."

உண்மை என்ன? அந்த வருஷம் முழுக்க அவர் என் மில்லில் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, என் ரேடியோவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தால் தன் வயல் வரை போவார். அவ்வளவே.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. குத்தகைக்கு உழுபவன் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தது. பேர் ஏறினால் அவனை நிலத்தைவிட்டு லேசில் கிளப்ப முடியாது; ஏறாவிட்டால், மிராசுதார் போ என்றால் போகவேண்டியதுதான். எங்கள் பக்கம் குத்தகைக்குச் சீட்டு ஏது? வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்ட வாய்வார்த்தைதான். ஆகவே அண்டை வயல்காரன் சாட்சிதான் பத்திரம்.

பக்கிரி பதினோரு வருஷமாகக் குத்தகைக்கு உழுத ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்துக்கு இரண்டு வருஷம் கழித்து விசாரணை வந்தது. மிராசுதார், "அவன் எங்கிட்ட கூலிக்கு உழுதவன்" என்று ஒரே போடாகப் போட்டார். பக்கிரிக்கு அண்டை வயல்காரர் யார்? நம்முடைய நேரில் பார்த்தவரேதான்.

சாவடியில் நாற்பது பேர். அதிகாரி கேட்டார்: "அறுபத்தொம்பது சம்பாவுல அந்த வயலைச் சாகுபடி பண்ணினது யாரு? நீங்க பார்த்தீங்களா?"

இராஜாங்கம் மிராசுதாரைப் பார்த்தார். இவர் வயலுக்குத் தண்ணீர் அவர் வாய்க்கால் வழியாகத்தான் வரவேண்டும்.

"அந்த வருஷம் நான் ஊர்லயே இல்லீங்க. மெட்ராஸ், டெல்லின்னு ஒரே அலைச்சல்."

பக்கிரியின் பெண்சாதி அமிர்தம் முன்னால் வந்தாள். "ஏங்க, அந்தச் சம்பாவுலதானே, மடைய அடைச்சிட்டான்னு எம் புருசன் தோள்துண்டப் புடிச்சி இழுத்தீங்க? டெல்லிலேந்தா கைய நீட்டுனீங்க?"

சாவடியே சிரித்தது. "வேற யாராச்சும் பார்த்தீங்களா?" என்றார் அதிகாரி. சிரித்த வாய்கள் அத்தனையும் மூடிக்கொண்டன. சிரிப்பதற்குக் கையெழுத்து வேண்டாமே!

நான் எழுந்தேன். "வருஷா வருஷம் அந்த வயல் நெல்லை இவன் வண்டி கட்டிக் கொண்டாந்து என் மில்லுலதாங்க அரைக்கிறான். கூலிக்காரனுக்கு ஏதுங்க வண்டி நெல்லு?" என்றேன். என் மூன்றாம் வகுப்புக் கையெழுத்தையும் போட்டேன். மறுநாளிலிருந்து மிராசுதார் நெல் வேறு மில்லுக்குப் போயிற்று. போகட்டுமே! பக்கிரி பேர் ஏறியது.

மிராசுதார் ஊரைவிட்டுப் போய் இப்போது பல வருஷம் ஆகிறது. இராஜாங்கம் என்ன சொல்கிறார் தெரியுமா? "பக்கிரிக்குச் சாட்சி சொன்னதே நான்தானே அண்ணே!" அதுவும் என்னிடமே! அவர் மட்டுமா? அன்று சிரித்தவர்கள் எல்லோருமே எழுந்து நின்று பேசினார்களாம். அத்தனை பேர் பேசியிருந்தால் அதிகாரிக்குக் காது போயிருக்கும்.

நீங்களும் ஏதோ ஒரு பெரிய வருஷத்தைக் கண்டவர்தானே? "அன்னிக்கு நான் அங்கதான் நின்னேன்" என்று ஆரம்பிக்கும்முன், எதிரில் அமிர்தம் மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நின்றதை அவள் மறுக்கமாட்டாள். குரல் மட்டும் கேட்ட ஞாபகம் இல்லை என்பாள்.