தண்ணீரை நிறுத்திய கண்டக்டர்

தருமபுரி ஜில்லாவிலேயே, ஓடுகிற மழைத்தண்ணீரை வழிமறித்து "எங்க போற?" என்று கேட்ட ஒரே மனிதர் எங்கள் ஓல்டான் அண்ணன்தான். கேட்டதோடு விடமாட்டார். பதில் வரும்வரை குறுக்கே கல்லைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கோயில் சாமியாரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வண்டியை நிறுத்த அவர் கத்திய 'ஓல்டான்' அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது.

வேலை போன கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பாப்பாரப்பட்டி தாண்டி ஏரியூர் ரோட்டில் வண்டி வருகிறது. நல்ல மழை. ரோட்டோரப் பள்ளத்தில் செம்மண் கரைந்து குபுகுபுவென்று ஓடுகிறது. அண்ணன் விசில் அடித்துவிட்டார். யாரோ படியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று டிரைவர் பதறிப் பிரேக் போட, இவர் எல்லோரையும் கீழே இறக்கி, "ஆளுக்கொரு கல்லு எடுத்துப் போடுங்க, மண்ணெல்லாம் போவுது" என்றிருக்கிறார். பஸ்ஸில் ஒரு கல்யாண கோஷ்டி. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் போட்டாராம். முகூர்த்தம் தப்பியதோ என்னவோ, அடுத்த நாள் முதலாளி டிக்கெட் பையை வாங்கிக்கொண்டார். விசிலை வாங்க மறந்துவிட்டார்.

அந்த விசிலோடு அவர் வந்து சேர்ந்த ஊர்தான் பாறைக்கொட்டாய். எங்கள் பக்கம் நாலு வீடு சேர்ந்தால் அது ஒரு கொட்டாய். மொட்டை மலை ஒன்று, அதன் அடியில் கொஞ்சம் வீடுகள். பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். கிணறு வற்றுவதில் மட்டும் வித்தியாசம் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் நான் தருமபுரி டவுனிலிருந்து அந்த ஊருக்கு மருமகளாகப் போனேன். போன முதல் வாரமே, குளித்துவிட்டு ஈரத்தலையோடு தட்டியைத் திறந்து வெளியே வந்தால் எதிரே ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"யம்மா, நீங்க குளிச்ச தண்ணி எங்க போவுதுங்க?"

நான் அலறிய அலறலில் மாமனார் தடியோடு ஓடிவந்தார். வந்தவர் ஆளைப் பார்த்ததும் தடியைக் கீழே போட்டுவிட்டு, "நம்ம ஓல்டானுதாம்மா. பொம்பளையப் பாக்க வரல, தண்ணியப் பாக்க வந்திருக்கான்" என்றார், ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி.

மறுநாள் தட்டிக்குப் பின்னால் ஒரு வாழைக்கன்று முளைத்திருந்தது. ஊரில் எல்லா வீட்டுக்கும் அப்படி ஒன்று. குலை தள்ளுகிற சமயத்தில் அண்ணன் வீடு வீடாக வந்து பார்வையிட்டார். எங்கள் வீட்டு மரத்தின் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினார்.

"பெரியவரே, குலை சீத்தாப்பழ சைசுல இருக்குதே. நீங்க தெனமும் குளிக்கறதில்லீங்களா?"

தெருவே சிரித்தது. அன்றிலிருந்து மாமனார் தினம் இரண்டு வேளை குளித்தார். என் மாமியார் அவரோடு குடித்தனம் நடத்திய காலமெல்லாம் வேண்டிக்கொண்டும் நடக்காதது அது. அந்த நன்றிக்கு மாமியார், தான் சாகும்வரை ஓல்டான் அண்ணனுக்கு வீட்டிலிருந்து மோர் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புங்க மரத்தடியில் ஊர்க்கூட்டம். தலைவர் என்று யாரும் கிடையாது. பேசுகிறவர் நீட்டி முழக்கினால் அண்ணன் விசில் அடிப்பார், இறங்கிவிட வேண்டும். அவரே நீட்டினால் அவர் மனைவி ரோசம்மா அக்கா விசிலைப் பிடுங்கி அடிப்பார். அந்தக் கூட்டத்தில்தான் எல்லாம் முடிவானது. விதைக் கேழ்வரகும் சாமையும் ஒரே வீட்டில் சேர்த்து வைப்பது, இல்லாதவர் எடுத்துக்கொண்டு அறுப்பில் திருப்பி வைப்பது, சாணியை வெளியே விற்காமல் சேர்ந்து எரு போடுவது. மலையைக் கொஞ்ச காலம் யாரும் தொடாமல் ஆறவிடுவது என்று வந்தபோதுதான் முனியம்மா அக்கா எழுந்தார். ஊரில் ஆட்டுப் பட்டி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"மலைக்குப் போவலன்னா என் ஆடு என்னாத்தத் திங்கும்? உன் விசிலையா?"

அண்ணன் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஊர் மூன்று ஞாயிறு சண்டை போட்டது. கடைசியில் ஆடு இல்லாவிட்டாலும் எல்லா வீடும் முறை போட்டுப் புல் அறுத்து முனியம்மா பட்டிக்குக் கொண்டுபோய்ப் போடுவது என்று முடிவானது. யோசனை சொன்னது ரோசம்மா அக்கா. அறுத்தது நான். டவுனில் காலேஜ் போன பெண், தலையில் புல்லுக்கட்டோடு போனால், முனியம்மா அக்கா கட்டைப் பிரித்து, "இதுல பாதி களைப்பூண்டு. என் ஆடு இதைத் தின்னாது, வேற எடுத்தாம்மா" என்று திருப்பி அனுப்புவார். அந்த ஆடுகளுக்கு எங்கள் ஊரில் கிடைத்த மரியாதை எனக்குப் புகுந்த வீட்டில் கிடைக்கவில்லை.

மலைச்சரிவில் வரிசையாகக் குழி எடுத்தோம். மலையடியில் எல்லோரும் சேர்ந்து மண்சுமந்து ஒரு குட்டைக்குக் கரை போட்டோம். அண்ணனின் முதல் கரை ஒரு தூறலிலேயே கரைந்து, ரோசம்மா அக்காவின் கோழிக்கூண்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது கரையைப் பனைமரம் மாதிரி உயர்த்தினார். அப்போதுதான் முனியம்மா அக்கா கேட்டார்.

"யோவ் கண்டக்டரே, ரொம்பிப்போனா மிச்சத் தண்ணி போவ வழி?"

"மிச்சமா? ஒரு சொட்டு வெளியவுட மாட்டேன்."

விட வேண்டிய அவசியமும் வரவில்லை. மழையே வரவில்லை. ஒரு வருஷம், மறு வருஷம். கிணற்றின் அடியில் தவளை தரையில் உட்கார்ந்திருந்தது. பெங்களூர் கட்டட வேலைக்கு ஒவ்வொரு வீடாகக் கிளம்பிப் போனது. பூட்டிய வீட்டு வாழைக்கு அண்ணன் தன் வீட்டுக் கழுநீரைச் சுமந்து ஊற்றினார். என் கணவரும் மேஸ்திரி ஒருவரிடம் பேசி வைத்துவிட்டார். "இந்த வருச மழையையும் பாத்துட்டுப் போயிரலாம்" என்றார். நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தேன்.

வந்தது மழை. கேட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் கொடுத்துவிடுவது என்கிற மாதிரி வந்தது. விடிந்து பால் கறக்கும்போது ஆரம்பித்தது, உச்சிப்பொழுது ஆகியும் விடவில்லை. மலைக்குழிகள் நிறைந்து, குட்டை நிறைந்து, தண்ணீர் கரையின் விளிம்புக்கு வந்துவிட்டது. கரைக்கு நேர் கீழே எங்கள் வீடு, பக்கத்தில் ஆட்டுப் பட்டி. கரையின் நடுவில் ஓர் இடத்தில் கசிய ஆரம்பித்தது.

ஊரே கரைமேல் நின்றது. முனியம்மா அக்கா மண்வெட்டியை நீட்டினார். "ஓரத்துல வெட்டிவுடுய்யா. இல்லன்னா நடுவுல ஒடைஞ்சு வூடெல்லாம் போயிரும்."

அண்ணன் குறுக்கே நின்றுகொண்டார். "ரெண்டு வருசமா இதுக்குத்தானே காத்துக் கெடந்தோம்? இப்பப் போய் வெளிய வுடறதா? மண்ணு போட்டு ஒசத்தலாம்!"

"எந்த மண்ணைப் போடுவ? எல்லாமே சேறாக் கெடக்குது!"

யாரும் அவரைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அடிதடி ஆகியிருக்கும். ரோசம்மா அக்கா மட்டும் பக்கத்தில் போய், இடுப்பில் குழந்தையோடு நின்ற என்னைக் காட்டினார். "அந்தப் புள்ள வூடு கீழ இருக்குது பாருங்க." அவ்வளவுதான் சொன்னார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மண்வெட்டியை வாங்கி, பாறை இருந்த ஓரமாகப் போய் முதல் வெட்டை அவரே வெட்டினார். வெட்டும்போது அழுதார். மழையில் தெரியாது என்று நினைத்திருப்பார், தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் இறங்கினார்கள். தண்ணீர் பாறைமேல் வழிந்து, வீடுகளை விட்டு விலகி, ஓடைப்பக்கம் திரும்பி ஓடியது. நடுக்கரை நின்றது. கசிந்த இடத்தில் கல்லும் புல்லுக்கட்டும் அடைத்தோம். முனியம்மா அக்கா, தன் ஆட்டுக்கு வைத்திருந்த நல்ல புல்லாகப் பார்த்துத் தூக்கிப் போட்டார்.

மழை விட்டது. ஒருவரையொருவர் பார்த்துச் சேற்று முகத்தோடு சிரித்தோம். அப்போதுதான் ரோசம்மா அக்கா கேட்டார். "அவரு எங்க?"

காணோம். கரையில் மண்வெட்டி மட்டும் கிடந்தது. சிரிப்பு நின்றது. குட்டையில் மூங்கில் விட்டுத் துழாவினார்கள். என் கணவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். பாதிப்பேர் மாதாவையும் பாதிப்பேர் மாரியையும் கூப்பிட்டோம், அவசரத்தில் ஆள் மாற்றியும் கூப்பிட்டோம். ரோசம்மா அக்கா அழவில்லை. "வேட்டிய இறுக்கிக் கட்டுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

ஓடையோடு கீழே தேடிக்கொண்டு போனோம். பொழுது சாய்கிற நேரத்துக்குக் கீழூர் வந்தது. அங்கே பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஒரே கூட்டம். நடுவில், யாருடைய துண்டையோ கட்டிக்கொண்டு, கேழ்வரகுக் களியைக் கீரையில் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்தார் எங்கள் ஓல்டான் அண்ணன்.

"யோவ்!" என்றார் முனியம்மா அக்கா. 

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் பளபளத்தன. "வுட்ட தண்ணி எங்கதான் போவுதுன்னு பாக்கலாம்னு கூடவே வந்தேங்க. இந்த ஊரு ஏரி காஞ்சு வெடிச்சுக் கெடந்துதாம். நேரா இங்க வந்து எறங்கிருச்சு, பாருங்க. பாதி ரொம்பிருச்சு!"

கீழூர்க்காரர்கள் எங்களுக்கும் தட்டு வைத்தார்கள். அவர்கள் பக்கமும் பெங்களூருக்குப் பெட்டி கட்டியிருந்தவர்கள் இருந்தார்கள். சாப்பிடும்போதே, அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு அவர்களும் வருவதாகப் பேச்சானது.

திரும்பி நடக்கும்போது என் கணவர், "அந்த மேஸ்திரிகிட்ட வரலன்னு சொல்லிரணும்" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டது.

அண்ணன் வீட்டு வாசலில் அவரைச் சுற்றி நின்றோம். உயிரைப் பாதியாக்கியதற்கு ஆளுக்கு ஆள் திட்டு சேர்த்து வைத்திருந்தோம். முனியம்மா அக்கா இடுப்பில் கை வைத்து ஆரம்பிக்கப் போனார். ரோசம்மா அக்கா கதவுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

"திட்டறதெல்லாம் காலைல வந்து திட்டிக்குங்க. இப்ப அவரு தூங்கட்டும்."

காலையில் ஊரே வந்தது. வாசலில் நின்ற அண்ணனைத் திட்டுவதற்குப் பதில், ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு கரையை வெட்டிய இடத்துக்கு அவரோடு நடந்தோம்.