பேர் வெட்டின தட்டு

பேத்திக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டில் விருந்து. என் பொறுப்பு தட்டு வாங்குவது மட்டும்தான்.

"பேப்பர் தட்டு வாங்கிடுங்கப்பா. சாப்பிட்டமா, தூக்கிப் போட்டமான்னு இருக்கும்" என்றாள் மகள்.

நான் கேட்கிற ஆளா? நேரு வீதிப் பாத்திரக் கடைக்குப் போய், கனமான எவர்சில்வர் தட்டுகளாகப் பார்த்து எடுத்தேன். இனி நம் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் இதுதான்!

"பேர் வெட்டிடலாமா சார்? தொலையாது" என்றார் கடைக்காரர்.

"வெட்டுங்க. பேத்தி பேரு, ஜெசிந்தா. கீழ 'புதுநன்மை விருந்து'ன்னும் போட்டுடுங்க."

சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

முதல் பந்தி முடிந்தது. எதிர்வீட்டு மர்த்தா அக்கா தன் தட்டைக் குழாயடியில் தானே கழுவினார். என்ன பண்பு என்று நான் உருகிக்கொண்டிருக்கும்போதே, முந்தானையால் துடைத்து, எழுத்தைப் படித்து, பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நல்ல கனம். மெர்சி முசே!" என்று பிரெஞ்சில் நன்றி வேறு.

விசேஷத்தின் பேர் வெட்டின பாத்திரம் என்றால், அது வந்தவர்களுக்கு அன்பளிப்பு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பந்திக்கும் அதே நேரத்தில் உறைத்துவிட்டது.

குழாயடியில் வரிசை!

"மாமா, எங்க வூட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாரு. அவருக்கு ஒண்ணு?"

"இது விளிம்புல நசுங்கியிருக்கு, வேற மாத்திக் குடுங்களேன்."

'ஐயோ, இது சாப்பிடுற தட்டு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தாராளமா எடுத்துக்கோங்க" என்று வந்தது. என் மனைவி இருந்திருந்தால், சிரித்த முகத்தோடு வாசலிலேயே எல்லாவற்றையும் திருப்பி வாங்கியிருப்பாள்.

பிரியாணிக் கரண்டியோடு மகள் வந்தாள்.

"அப்பா, ரெண்டாவது பந்தியில என் மாமியார் உக்காந்துட்டாங்க! தட்டு எங்க?"

"ஆட்டோ ஏறிடுச்சும்மா."

அவள் பார்த்த பார்வையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனைக் கடைக்கு ஓடினேன். பேப்பர் தட்டு கட்டாகத்தான் தருவார்களாம். பெரிய கட்டு!

சம்பந்தி அம்மா, தால்சா ஒழுகும் தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்களுக்கு மட்டும் இதுதானா சம்பந்தி?"

மகள் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்களுக்குத் தனியா சொல்லியிருக்கேன்மா. அவங்க எடுத்துட்டுப் போனதைவிடக் கனமா!" என்று அளந்துவிட்டேன்.

மறுநாள் காலை மறுபடியும் பாத்திரக் கடை. சொன்னபடியே அவற்றைவிடக் கனமாக வாங்கி, இங்கேயே கதிர்காமத்தில் இருக்கும் சம்பந்தி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அங்கிருந்த மகள் சிரித்துவிட்டாள்.

மிஞ்சிய பேப்பர் தட்டில்தான் இப்போது என் மூன்று வேளைச் சாப்பாடும். கட்டு குறைகிற மாதிரியே தெரியவில்லை.

இவ்வளவு நாள் உழைக்கிற சாமானை நான் வாங்கினதே இல்லை.