கே-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

பெயர்த் திருத்த அலுவலகத்தின் கண்காணிப்பாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் உபயோகிப்பதில்லை. தலைப்பெழுத்துக்குப் பக்கத்தில் புள்ளி இல்லாத விண்ணப்பம் எதுவும் அவர் மேசையைத் தாண்டி உயிரோடு போனதில்லை என்பதால், எல்லோருக்கும் அவர் புள்ளி சார்.

கெட்டவரல்ல. லஞ்சத்துக்குக் கை நீட்டமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தைப் பார்ப்பார். "பெயர் பொருந்தவில்லை" என்பார். அழுதுகொண்டு திரும்புகிறவர்களுக்குக் குடிதண்ணீர் எந்தப் பக்கம் என்றுகூடக் காட்டுவார். ஏற்றுக்கொண்ட செய்தி தானாகவே கைப்பேசிக்குப் போய்விடும். நிராகரிப்பை மட்டும் அன்று மாலைக்குள் அச்சிட்டு, கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்பது விதி. தராவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். தராமல் விட்டதாக வரலாறு இல்லை.

கடைகளில் அச்செடுத்தால் புள்ளிகள் விட்டுப்போகின்றன என்று கண்டுபிடித்து, 'விண்ணப்பதாரர் தம் இல்லத்தில், தம் சொந்த அச்சுப்பொறியில் எடுத்த படிவம் மட்டுமே பரிசீலிக்கப்படும்' என்று சுற்றறிக்கை விட்டவரும் அவர்தான். அச்சுப்பொறி இல்லாதவர் என்ன செய்வது என்று பொதுமக்களில் ஒருவர் எழுதிக் கேட்டார். 'வாங்குவது' என்று பதில் போனது.

இப்படிப்பட்டவரின் மகளுக்கு வேலை கிடைத்தது. பட்டச் சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் இருந்த 'கே'யில் புள்ளி இல்லை. இதை அவள் இத்தனை காலம் காதல் விவகாரத்தை மறைப்பதுபோல அப்பாவிடம் மறைத்து வைத்திருந்தாள். வேலை கொடுத்தவர்கள், நாளைக்குள் திருத்தம் வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொன்னபிறகுதான் வாயைத் திறந்தாள்.

புள்ளி சார் சாப்பிடுவதை நிறுத்தினார். "என் வீட்லயா?" என்றார்.

"படிவத்தை அச்செடுத்துக் குடுத்தா முடிஞ்சுதுங்க" என்றாள் மனைவி.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அந்த வாரம்தான் வீட்டுக்குப் புது வைஃபை ரூட்டர் வந்திருந்தது. பழையது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எதிர்வீட்டு ரூட்டருக்கு ஆறு கொம்பு. ஆகவே இவர்கள் வீட்டுக்கு எட்டுக் கொம்பு. டிவிக்குப் பக்கத்தில் அது மல்லாந்து விழுந்த கரப்பான்பூச்சி மாதிரி உட்கார்ந்திருந்தது. மாட்ட வந்தவர், "பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு, அதையே போட்டுட்டேன் சார். எல்லாம் தானா ஏறிக்கும்" என்று சொல்லி, வீட்டிலிருந்த கைப்பேசிகளை எல்லாம் தன் கையாலேயே ஏற்றிவிட்டுப் போனார். அச்சுப்பொறி ஏறவில்லை. நீல விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டி யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

மகள் அணைத்துப் போட்டாள். மனைவி தட்டிப் பார்த்தாள். புள்ளி சார் அச்சுப்பொறிக் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"எங்க பிரிண்டர்ல தப்பே இல்லைங்க. ரூட்டர்காரங்களைக் கேளுங்க."

ரூட்டர் கம்பெனிக்குப் போட்டார்.

"எங்க ரூட்டர் நல்லா இருக்கு சார். பிரிண்டர்காரங்களைக் கேளுங்க."

"கேட்டேன். அவங்க உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

"அப்ப திரும்ப ஒருதடவை கேளுங்க சார்."

புள்ளி சாருக்குக் கோபம் வரவில்லை. தேர்ந்த பாடகர் இன்னொருவரின் கச்சேரியைக் கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லாப் பயிற்சி குடுத்திருக்காங்க" என்றார் மனைவியிடம்.

மகள் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. 'தேடும் பெயர்: கே. குடும்பம். கிடைக்கவில்லை.'

"இதோ போன்ல இருக்கே, அதே பேருதானேப்பா!"

புள்ளி சார் கண்ணாடியை ஏற்றினார். தாளைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார். 'கே குடும்பம்' என்றிருந்தது. அவர் முகத்தில், கூட்டத்தில் தொலைந்த குழந்தையைக் கண்டுபிடித்தவரின் வெளிச்சம் பரவியது.

"புள்ளி இல்லை" என்றார். "மாட்டினவன் புள்ளியை விட்டுட்டான். இந்த வீட்ல விதி தெரிஞ்சது இது ஒண்ணுதான்." அச்சுப்பொறியின் தலையைத் தடவிக் கொடுத்தார். மகளின் தலையை அவர் அப்படித் தடவி வெகுகாலமாகிறது. அவள் அதைக் கவனித்தாள்.

"கொஞ்சுனது போதும். புள்ளியை வைங்க" என்றாள் மனைவி.

பெயர் மாற்றும் அதிகாரம் கம்பெனியிடம் இருந்தது. மறுபடியும் போன் போட்டார்.

"வெச்சுடலாம் சார். பெயர்த் திருத்தப் படிவத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

"அச்செடுக்க முடியலைன்னுதாம்மா புள்ளி கேக்கறேன்."

"புரியுது சார். ஆனா அச்சு வந்தாத்தான் புள்ளி வைக்க முடியும்."

"கடைல எடுக்கலாமா?"

"கடைல எடுத்தா எழுத்து சரியா வராது சார். வீட்ல எடுத்ததுதான் செல்லும்."

அவர் போனை வைத்தார். நாட்டில் தன் சுற்றறிக்கையை யாரோ படித்திருக்கிறார்கள்.

மனைவி போய், செருப்பு அலமாரிக்கு மேலே கிடந்த பழைய ரூட்டரைத் தூசி தட்டி எடுத்துவந்து மின்சாரத்தில் மட்டும் செருகினாள். அது கண் விழித்ததும் அச்சுப்பொறியின் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக நின்றது. மகளின் படிவம் வெளியே வந்தது. பழைய ரூட்டருக்குக் கொம்பு இரண்டுதான், அதில் ஒன்று உடைந்தது.

மறுநாள் மகள் வரிசையில் நின்று படிவத்தை நீட்டினாள். புள்ளி சார் பார்த்தார். 'கே'க்குப் பக்கத்தில் புள்ளி இருந்தது. பெயரின் முடிவிலும் ஒன்று இருந்தது: நெடுநாள் சும்மா கிடந்த அச்சுப்பொறி சிந்திய மைப்பொட்டு.

"கடைசில ஒரு புள்ளி அதிகம்" என்றார்.

"அப்பா, அது மை!"

"கவுண்டர்ல அப்பா கிடையாதும்மா." அவருடைய விரல்கள் தட்டச்சு செய்தன: பெயர் பொருந்தவில்லை. அச்சிடும் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் வரவில்லை. முந்தின நாள் மாலைதான் அலுவலகத்துக்கும் புது ரூட்டர் வந்திருந்தது, பத்துக் கொம்பு. மூலையில் அச்சுப்பொறி நீல விளக்கைச் சிமிட்டியது. புள்ளி சார் அலுவலக வைஃபையின் பெயரைப் பார்த்தார். எந்த இடத்தில் புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று கண்ணாடியை ஏற்றாமலே தெரிந்தது. மகளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புள்ளி இல்லாததைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கருதப்பட்டது. மகள் வேலையில் சேர்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவர்களுடையதும் ஏற்கப்பட்டன. மறுநாள் வந்தவர்களுடையதும். 'பெயர் பொருந்தவில்லை' என்று அவர் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தியது எதுவும் அச்சாகவில்லை. அச்சுப்பொறியைச் சரிசெய்யக் கோரும் கடிதம், அச்சிட்டு அனுப்ப வேண்டிய கடிதம் என்பதால், போகவில்லை. ஜனங்கள் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். குடிதண்ணீரை யாரும் தேடவில்லை. ஒரு மாதத்தில், ஒரு நிராகரிப்புகூட இல்லாத அலுவலகம் என்று விருது அறிவித்தார்கள். மாலை போட்டார்கள், கைதட்டினார்கள், பாராட்டுப் பத்திரத்தைக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்தார்கள்.

அதில் அவர் பெயருக்கு முன்னால் 'கே' இருந்தது. புள்ளி இல்லை.

அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புள்ளியைக் கண்டும் காணாமல் விட்டால் எங்கே வந்து முடியும் என்பது அவருக்கு விளங்கியது. எல்லோரும் கிளம்பியபிறகு ரூட்டரைத் திருப்பிப் பார்த்தார். பெயர் மாற்றும் கடவுச்சொல்லை அதன் வயிற்றிலேயே ஒட்டியிருந்தார்கள். வைக்க வேண்டிய இடத்தில் புள்ளியை வைத்தார்.

அச்சுப்பொறியின் விளக்கு நிலைத்தது. ஒரு கணம் மூச்சு வாங்கியது. பிறகு, ஒரு மாதமாகத் தன் வரிசையில் காத்திருந்த நிராகரிப்புகளை எல்லாம் யாரும் கேட்காமலே ஒவ்வொன்றாகத் துப்ப ஆரம்பித்தது. ஒவ்வொன்றிலும் அந்தந்த நாளின் தேதி. கையெழுத்து விழுந்தால், அன்றே தந்ததாகச் செல்லும்.

முதலில் வந்தது மகளுடையது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். புள்ளிகள் எல்லாம் சரியாக இருந்தன.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.