வெல்ல வேன்

உண்மையா பொய்யா என்று தெரியாத ஓர் எச்சரிக்கை கைபேசிக்கு வந்தால், அதை நாலு பேருக்கு அனுப்ப வேண்டுமா, கூடாதா? அனுப்பி, அது பொய்யாகிவிட்டால் பாவம். அனுப்பாமல் விட்டு, அது உண்மையாகிவிட்டால் அதைவிடப் பெரிய பாவம். ஐந்து வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியோடுதான் இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. பட்டப்பெயர்தான் கிடைத்தது.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்ட உதவும்.)

அன்று காலை யாழினியைப் பள்ளியில் விட்டுவிட்டு விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறேன், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. பள்ளிக்கூட வாசல்களில் ஒரு வெள்ளை வேன் சுற்றுகிறதாம், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்களாம். அரை மணி நேரத்தில் அதே செய்தி இன்னோர் அம்மாவிடமிருந்து. பிறகு மூன்றாவது அம்மாவிடமிருந்து. மூன்று பேர் சொன்னால் பொய்யாக இருக்குமா? (மூன்று பேருக்கும் அனுப்பியது ஒரே பெண்மணிதான் என்பது மறுநாள்தான் தெரிந்தது.)

கடையிலிருந்த கணவருக்குப் போன் செய்தேன்.

"யார் அனுப்பினது?" என்றார்.

"எல்லாரும்."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்னா எல்லாரும்தாங்க!"

"கஸ்டமர் நிக்கறாரு, வையி" என்று வைத்துவிட்டார். குழந்தைமேல் அக்கறை இல்லாத மனிதர் என்று முடிவு கட்டினேன்.

செய்தியில் எனக்கிருந்த ஒரே குறை அதன் தமிழ். முற்றுப்புள்ளி இல்லை, ஊர்ப் பெயர் இல்லை. ஊர் இல்லாத எச்சரிக்கையால் யாருக்குப் பயன்? எனவே நானே திருத்தி எழுதினேன். "அன்பார்ந்த தாய்மார்களே" என்று தொடங்கி, "விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில்" என்று ஊரைச் சேர்த்தேன். கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி போதுமா, நான்கு போடலாமா என்று வெகு நேரம் யோசித்து நான்கு போட்டேன். செய்தி உண்மையா என்று யோசிக்க அதில் கால்வாசி நேரம்கூடச் செலவழிக்கவில்லை. வகுப்பு அம்மாக்கள் குழுவில் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று குக்கரை அடுப்பில் ஏற்றினேன்.

மதியம் வேறொரு குழுவில் புதிய செய்தி வந்தது. இது இன்னும் பயங்கரம். வெல்லம் விற்கிற வேனில் வருகிறார்களாம், வெல்லத்தில் மயக்க மருந்து தடவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களாம். காலையில் வெள்ளை வேன், மதியம் வெல்ல வேன். ஆக, இரண்டு கும்பல்!

அப்போதுதான் திண்டிவனத்தில் இருக்கும் மல்லிகா அண்ணிக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, காலைச் செய்தியை அனுப்பாதது உறைத்தது. நாளைக்கு ஒன்று நடந்தால் என்ன பதில் சொல்வேன்? உடனே புதிய செய்தியை அனுப்பினேன். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போய், வயிற்றுவலி என்று சொல்லி யாழினியைக் கூட்டி வந்தேன். "எனக்கு வயிறு வலிக்கலையேம்மா" என்று அவள் ஆட்டோ முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்தாள்.

பள்ளி விடும் நேரத்தில் அண்ணி போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல்.

"புவனா, புடிச்சிட்டோம்டி!"

"யாரை அண்ணி?"

"வெல்ல வேன்காரனதான்! எம் புள்ளய கூப்பிட வந்தேன். ஸ்கூல் எதிர்லயே நின்னுக்கினு இருக்கான். தொறந்து பாத்தா உள்ள முழுக்க வெல்லம்! நீ அனுப்புனதுல போட்டிருந்த மாதிரியே! சாவியப் புடுங்கி வச்சிருக்காங்க. ஆளுங்க அடிக்கப் போறாங்கடி!"

"ஐயையோ, நான் வெல்லம் விக்கிற ஆளும்மா!" என்று ஓர் ஆண் குரல் கேட்டது.

மதியம் வந்த அந்தச் செய்தியை அவசரமாகத் திறந்து, இம்முறை முதல் வரியிலிருந்து படித்தேன். "அன்பார்ந்த தாய்மார்களே." கடைசிக்குப் போனேன். நான்கு ஆச்சரியக்குறி. காலையில் நான் எழுதியதைத் திறந்து பார்த்தேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் என் கைபேசி, 'வெள்ள வேன்' என்று நான் அடித்ததை 'வெல்ல வேன்' என்று மாற்றியிருந்தது. நான் கவனிக்கவில்லை. அதைப் படித்தவர்களுக்கு வெல்ல வேன் ஏன் என்று புரியவில்லை. அதனால் யாரோ ஒரு புண்ணியவான் காரணத்தையும் மயக்க மருந்தையும் சேர்த்துவிட்டார். நான் பெற்றதே மீசை வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது, பார்த்துப் பயந்திருக்கிறேன்!

"அண்ணி, ஸ்பீக்கர்ல போடுங்க!" என்று கத்தினேன். "எல்லாரும் கேளுங்க! அது வெல்லம் இல்ல! பெரிய 'ள'! வெள்ளை! வெள்ளை வேன்!"

பிறகு யாரோ சொன்னார்: "இந்த வேனும் வெள்ளதான்மா."

கூச்சல் இரண்டு மடங்கானது. காப்பாற்றப் போய் மாட்டிவிட்டேன். வேறு வழியில்லை.

"அதுவும் இல்லைங்க! வெள்ளை வேன்னு சொன்னது யாருன்னுகூட எனக்குத் தெரியாது! ஊர்ப் பேரை நான்தான் சேர்த்தேன்! எழுதினது நான்தான்! தப்பு என்னோடதுங்க, அவர விட்டுடுங்க!"

"இன்னாம்மா இது, பேஜாரா கீது? யாரும்மா நீ?"

"என் தம்பி பொண்டாட்டி" என்றார் அண்ணி. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

அப்போது போனில் பள்ளி மணி அடித்தது. கதவு திறக்கும் சத்தம். அதைத் தாண்டி ஒரு சிறுமியின் குரல்: "அப்பா! ஏம்ப்பா நம்ம வண்டியச் சுத்தி இவ்ளோ பேரு?"

பெண்ணைக் கூப்பிட வந்த அப்பா. அவ்வளவுதான் அவர். "வுடுப்பா, சாவியக் குடு" என்று யாரோ சொன்னதும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று யாழினியைத்தான் கேட்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு திண்டிவனம் போய் அந்த வெல்ல வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எம் பொண்ணு வெளிய வர ரெண்டு நிமிஷம் லேட்டாயிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் நாங்கள் கேட்ட வெல்லத்தை எடை போட்டார். கிளம்பும்போது, "அடுத்த தடவ எழுதுனா நல்ல வெல்லம்னு சேத்துப் போடுங்க மேடம்" என்றார். அவர் சிரித்தார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

இப்போதும் என் கைபேசி மணியடித்தால் கணவர், "வெல்லமா, வெள்ளையா?" என்று கேட்கிறார். அண்ணி தன் கைபேசியில் என் பெயரை 'வெல்ல வேன்' என்று மாற்றிவிட்டார். யாழினி வகுப்பிலேயே ல, ள இரண்டையும் பிழையில்லாமல் எழுதுகிற ஒரே குழந்தை.

இன்று காலை ஒரு செய்தி வந்திருக்கிறது. வெல்லத்தில் ஏதோ கலக்கிறார்களாம், குழந்தைகளுக்கு ஆகாதாம். இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பவும் மனமில்லை, அழிக்கவும் பயம். அதே வேன்காரரின் வெல்லம் என் சமையலறை டப்பாவில் இருக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். உங்களுக்கு அதை யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அனுப்புமுன் ல, ள மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.